நாலு டீ

கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பிளாஸ்க் இன்னும் என் கையில் இருப்பதைக் கவனித்தேன். காலி பிளாஸ்க். டீ வாங்கி வா என்று அவர் கொடுத்தது. டீக்கடை எப்போதோ பின்னால் போய்விட்டது. திரும்பிப் போய் மாடிப்படியில் வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். படிவரை போனால் மேலே ஏறிவிடுவேன். ஏறினால் உட்கார்ந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும். தாம்பரம் பக்கமாக நடந்தேன். சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, தார் உருகும் வெயில்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சார் என்றுதான் கூப்பிட்டேன்.

சேலையூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்றின் மாடியில் அவர் விமானம் வைத்திருந்தார். பழைய பஸ்ஸின் டிரைவர் சீட்டு. எதிரே மூன்று திரை. அதில் சண்டை விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. கால் இரண்டுக்கும் நடுவே, பைலட் பிடிக்கும் குச்சிக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் பைப். பொத்தேரி பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் ரயிலேறி வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பெரிய மால்களில் இதைவிடப் பளபளப்பான மெஷின்கள் இருந்தன. ஆனாலும் இங்கே வந்தார்கள். காரணம் அந்தப் பைப்தான்.

மற்ற இடங்களில் விமானம் எவ்வளவு வேகமாகப் போனாலும் குச்சி ஒரே மாதிரிதான் ஆடும். இவர் வைத்திருந்த குச்சி அப்படியில்லை. வேகம் ஏற ஏறக் கனக்கும். மூக்கைக் கீழே குத்தி விமானத்தை விழவிட்டால், ஒரு கட்டத்துக்கு மேல் பைப் அசையாது. கல்லில் நட்ட மாதிரி நிற்கும். இழுத்தால்தான் விமானம் நிமிரும். இழுக்க முடியாவிட்டால் திரையில் கடல் பெரிதாகிக்கொண்டே வரும். "மச்சான், அங்க குச்சி கல்லாயிடும்டா" என்று பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லியே கூட்டம் வந்தது. உள்ளே என்ன மெஷின் என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த மெஷின் நான்தான்.

சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்குப் பின்னால் என் ஸ்டூல். ஸ்டூலுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. அதில் விமானத்தின் வேகம் மட்டும் எண்ணாகத் தெரியும். பைப்பின் அடியில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆறு, பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தோம். அவற்றை இழுத்துப் பிடிக்க ஒரு மரை போட்ட கம்பி தடுப்பைத் துளைத்துக்கொண்டு என் பக்கம் வரும். கம்பியின் நுனியில், பெரிய ஷட்டர்களை ஏற்றி இறக்கச் சுழற்றுவார்களே, அந்தக் கைப்பிடி. வேகம் முந்நூறு என்றால் மூன்று சுற்று. நானூறு என்றால் ஏழு. ஐந்நூறைத் தொட்டால் பன்னிரண்டு. பிளைவுட்டில் சாக்பீஸால் அவரே எழுதி வைத்திருந்தார். வேகம் குறைந்தால் திருப்பிச் சுற்ற வேண்டும். அதற்கும் கணக்கு இருந்தது.

அதற்கு முன் நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். அதற்கு முன் வேறு எங்கேயோ. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதன்பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருஷம் முழுதாக இருந்ததில்லை. அந்தப் பட்டறைக்குத்தான் அவர் இந்தக் கம்பியோடும் ஸ்பிரிங்குகளோடும் வந்தார். அறுபதைத் தாண்டிய வயசு, இஸ்திரி கலையாத சட்டை, இடது கையில் மீன்காரர்கள் தொங்கவிடும் கொக்கித் தராசு. நான் பற்ற வைத்துக் கொடுத்ததில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"எத்தினி காட்டுது?"

"இருபத்தி ரெண்டு சார்."

"இருபத்தி மூணு இருக்கணும். இது பொய்."

மூன்று தரம் வெட்டி மூன்று தரம் பற்ற வைத்தேன். மூன்றாம் தரம் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "நல்ல கை. எங்கூட வரியா?" என்றார். பட்டறையில் அந்த வாரம்தான் ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. போனேன். எனக்கு முப்பத்து நாலு வயசு. என் கையை யாரும் அதுவரை நல்ல கை என்று சொன்னதில்லை.

அவர் விமானப்படையில் முப்பது வருஷம் விமானங்களின் கம்பி வடங்களைப் பார்த்துக்கொண்டவர். பைலட் பிடிக்கும் குச்சியிலிருந்து இறக்கைக்கும் வாலுக்கும் போகும் வடங்கள். இழுத்துக் கட்டுவது, தளர்த்துவது, கிரீஸ் வைப்பது. ஒரு நாளும் ஏறிப் பறந்ததில்லை. மேலே போய் வந்த பைலட்டிடம் ஒரு தரம், அந்த வேகத்துல குச்சி எப்படி சார் இருக்கும் என்று கேட்டாராம். "சொன்னா உனக்குப் புரியாது" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாராம் பைலட். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதே வார்த்தையை, அதே தோள்தட்டலோடு, அவர் எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ரீவைண்டிங் கடைக்காரர், கரண்ட் பில் எடுக்க வந்தவர், நான்.

அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை, பொய். பிரியாணியில் கறி குறைந்தால் அது பொய் பிரியாணி. மழை வரும் என்று போன் காட்டினால் அது பொய். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போவார். பழைய டயல் ஒன்றைக் கையில் எடுத்து, "இது இன்னா சொல்லுது?" என்பார். வியாபாரி ஏதாவது சொல்வான். "பொய் சொல்லுது" என்று அவன் கையிலேயே வைத்துவிட்டு நடப்பார். அவனும் விடமாட்டான். "பெர்சு, வாங்கறதுன்னா வாங்கு, இன்னாத்துக்கு சாபம் வுட்டுகினு போற?" என்று கத்துவான். இவர் காதில் விழாது.

விளையாட்டை எழுதியவர்களை மட்டும் அவர் முழுக்கப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டார். ஒரு நாள் எனக்கு விளக்கினார்.

"அவன் முட்டாள் இல்ல தம்பி. வேகத்துல குச்சி கனக்கும்னு அவனுக்கும் தெரியும். வூட்ல நீ சின்னக் குச்சி வெச்சிகினு முழுசா இழுக்கற. ஆனா திரைக்குள்ள இருக்கற குச்சி பாதிதான் வரும். ஏன்?"

"ஏன் சார்?"

"உள்ள ஒரு பைலட் உக்காந்துகினு கீறான். அவனுக்கு இவ்ளோதான் பலம்னு எழுதி வெச்சிருக்கான். அவன் மூச்சு முட்டி இழுக்கறான். நீ சிப்ஸ் தின்னுகினு இழுக்கற. கஷ்டம் அவனுக்கு, ஜெயிக்கறது நீ. அதான் பொய்."

எவ்வளவு சரி என்று அப்போது தலையாட்டினேன். அன்றைக்கு மட்டும் முந்நூறு சுற்றாவது சுற்றியிருப்பேன்.

டீ சமாச்சாரம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். நாலு நண்பர்களோடு ஒரு பையன் வந்தான். வீட்டிலேயே குச்சி, பெடல் எல்லாம் வைத்து ராத்திரி பகலாக ஓட்டுகிறவன். பைப்பைத் தொட்டுப் பார்த்து, "செட்டப் ஓகே அங்கிள். நம்ம கை ஆல்ரெடி செட்டு" என்றான். நண்பர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு தடுப்பைச் சுற்றி வந்து என் காதருகே குனிந்தார்.

"நான் வெளிய டீன்னு சொன்னா ஒரு சுத்து. எத்தினி டீயோ அத்தினி சுத்து கூடப் போடு."

வெளியே போய் சத்தமாக, "தம்பி, மூணு டீ சொல்லு!" என்றார்.

பன்னிரண்டில் நிற்க வேண்டிய இடத்தில் பதினைந்து போட்டேன். பையன் இழுத்தான், எழுந்து நின்று இழுத்தான், கெட்ட வார்த்தை சொல்லி இழுத்தான். கடல் வந்து மூடியது. அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையை நண்பர்களுக்கு விரித்துக் காட்டினார். "பாத்துக்கங்கபா. ரிமோட் புடிச்ச கை." அன்றிலிருந்து அவனை அந்தக் கூட்டத்தில் ரிமோட் என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் அவர்கள் மறுபடி வந்தபோது அவன் வரவில்லை.

"அப்ப டீ பொய் இல்லியா சார்?" என்று நான் கேட்டேன்.

"அது பொய் இல்ல. பாடம்."

பிறகு அது வழக்கமாகிவிட்டது. பணிவாக வருபவனுக்கு டீ இல்லை. வாய் பேசுபவனுக்கு இரண்டு. காதலியைக் கூட்டிக்கொண்டு வருபவனுக்கு மூன்று. டீ ஒரு நாளும் வராது. தோற்றவனுக்கு அதைக் கேட்கும் தைரியமும் இருக்காது. எனக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். வசதியான வீட்டுப் பிள்ளைகள் என் கைக்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். தடுப்பில் ஒயர் போக விட்டிருந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே சுற்றுவேன்.

ஒரு புதன்கிழமை யாரும் வரவில்லை. அவரே சீட்டில் உட்கார்ந்தார்.

"டீ கீ எதுவும் இல்ல. சாக்பீஸ்ல இருக்கறத மட்டும் போடு. என் மூஞ்சியப் பாத்துக் கொறைக்காத."

பழைய காலத்துச் சண்டை விமானம், முன்னால் விசிறி சுற்றுமே அந்த வகை. அதை மேலே கொண்டுபோய் மூக்கைக் குத்தினார். எட்டுச் சுற்றுவரை சமாளித்தார். ஒன்பதில் பைப் நின்றுவிட்டது. கடலில் போய் விழுந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நான் கைப்பிடியை விட்டுவிட்டேன். "சுத்துடா!" என்று கத்தினார். சுற்றினேன். விழுந்தது. எழுந்து வந்து தண்ணீர் குடித்தார். முகம் சட்டைக் காலர்வரை நனைந்திருந்தது. சந்தோஷமாக இருந்தார்.

"கரெக்டா கீது தம்பி. துளி பொய் இல்ல."

அன்று மத்தியானம் அவர் டிபன் பாக்ஸை நான்தான் திறந்து கொடுத்தேன். மூடியை அவரால் திருக முடியவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போன நாள் அதுதான். சாப்பிட்டுவிட்டு, கரண்ட் இல்லாததால், கம்பிக்கு எண்ணெய் போட்டபடி பேசிக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன்:

"இப்ப நம்ம தலைக்கு மேல போவுதே ஜெட்டு, அதுல இன்னும் ஜாஸ்தி கனமா இருக்குமா சார்?"

"அதுல கனமே கிடையாது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"ஹைட்ராலிக்டா. எண்ணெய் அழுத்தம் தள்ளிடும். பைலட்டு ரெண்டு விரல்ல புடிச்சா போதும். ஆனா கனமே இல்லன்னா அவனுக்கு அளவு தெரியாது, வேகத்துல சட்டுனு இழுத்து றெக்கைய ஒடச்சிப்பான். அதுக்காக குச்சிக்கு அடியில ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. உள்ள ஸ்பிரிங்கு. வேகம் ஏற ஏற அது கொஞ்சங் கொஞ்சமா இறுக்கும். கனக்கற மாதிரி காட்டும். அந்தப் பெட்டிக்கும் நான்தான் கிரீஸ் வெச்சேன்."

"அப்ப நிஜ விமானத்துலயும் பொய்யா சார்?"

எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "சொன்னா உனக்குப் புரியாது" என்றார்.

எனக்குப் புரிந்திருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் முதலில் இரண்டு தோழிகளோடு வந்தாள். பொத்தேரியில் மேற்படிப்பு, கடைசி வருஷம். வீடு பல்லாவரம். வலது முழங்கை கொஞ்சம் வளைந்திருந்தது. சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்து கூடியது. தோழிகள் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, அவள் பைப்பை ஒரு தரம் இழுத்துவிட்டு, "சார், இது எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அவர் கொக்கித் தராசைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டினார். ஒவ்வொரு வேகத்துக்கும் எத்தனை கிலோ என்று மனப்பாடமாகச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. டீ இல்லை. சாக்பீஸ் கணக்குத்தான்.

அவள் மூக்கைக் குத்தினாள். ஏழு. ஒன்பது. அவர் தோற்ற இடம் அது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். பத்து. இரண்டு கால்களையும் பெடலில் உதைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, "வா, வா, வா" என்று பைப்பிடம் பேசிக்கொண்டே இழுத்தாள். பன்னிரண்டு. கடல் திரையை நிரப்பியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அது கீழே இறங்க, வானம் தெரிந்தது. தோழிகள் கத்தினார்கள். ஓட்டை வழியாக நான் அவரைப் பார்த்தேன். சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தனியாக வந்தாள். விமானப்படையில் பைலட் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது, வயசு வரம்புப்படி இதுதான் கடைசித் தரம் என்றாள். டாக்டர் கையைப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாதான் நம்பவில்லை.

"கை பாதி வழியில விட்டுரும்னு பயப்படறாரு சார். விமானத்துலயே வேலை பாத்த ஒருத்தர் வாயால சொன்னா அனுப்பறேங்கறாரு. நான் உங்களைச் சொன்னேன். ஒரு வார்த்தை போதும்."

"சனிக்கிழமை கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நமக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார். நீங்க அதுலயே இருந்தவர். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றார். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, திரும்பி அப்பாவைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதே பழைய விமானத்தைத்தான் அவர் ஓடவிட்டார்.

நான் கைப்பிடியில் கை வைத்தேன். அன்றைக்கு டீ இருக்காது என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

விமானம் கீழே இறங்க ஆரம்பித்தது.

"தம்பி, நாலு டீ சொல்லு."

வாத்தியார் பதறிப்போய், "ஐயோ, எங்களுக்கு வேணாம் சார், இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றார்.

"பரவால்ல சார். வெயில்ல வந்திருக்கீங்க."

பன்னிரண்டு போட்டேன். நிறுத்தினேன். சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் போகப்போகும் இடத்தில் ஓட்டும் விமானம் எதிலும் இந்தக் கனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிங் பெட்டிக்கு கிரீஸ் வைத்தவரே எனக்குச் சொன்னது. அவர் தடுப்பை ஒரு தரம் தட்டினார்.

"நாலு டீ கேட்டேனே."

பதிமூன்று. பதினாலு. பதினைந்து. கம்பி முனகியது. பதினாறு.

"வா, வா" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு சொல்லவில்லை. வளைந்த முழங்கை நடுங்குவது ஓட்டை வழியாகத் தெரிந்தது. அவள் விடவில்லை. பைப் ஒரு விரற்கடை நகர்ந்தது. பதினாறு சுற்றில் நகர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் நானும் அவரும்தான். வாத்தியார் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சேத்துச் சொல்லு தம்பி."

இரண்டும் போட்டேன். கைப்பிடியில் முழு உடம்பையும் சாய்த்துப் போட வேண்டியிருந்தது. அவள் முழங்கையில் ஏதோ சுளுக்கிக்கொண்ட சத்தம், ஒரு சின்னச் சத்தம், பிறகு அவள் "அம்மா" என்றது. கடல் மூடியது.

வாத்தியார் எழுந்துவிட்டார். "போதும்மா. போதும், எறங்கு."

அவர் அவளுடைய கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். ரிமோட் பையனுக்குச் செய்த மாதிரி இல்லை, அக்கறையோடுதான் பார்த்தார். பிறகு வாத்தியாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆசை இருக்கு சார். கை இல்ல."

வாத்தியார் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி சார். நல்ல வேளை. மேல போயி விட்டிருந்தா?" என்றார். உண்மையாகவே நன்றி சொன்னார்.

அவள் முழங்கையைப் பிடித்தபடி பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தடுப்பைப் பார்த்தாள்.

"உள்ள யாரு சார்?"

"மெஷின்மா."

நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். மெஷின் மூச்சு விடக் கூடாது.

அப்பாவும் மகளும் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். அவள் வாசலில் நின்றாள்.

"போன தடவை டீ எதுவும் சொல்லல. இன்னிக்கு நாலு டீ சொன்னீங்க. அப்புறம் ரெண்டு. ஒண்ணுகூட வரலையே சார்."

"பால் தீந்துபோச்சும்மா" என்றார்.

"வாம்மா, டீ என்ன டீ இப்ப" என்று வாத்தியார் அவள் தோளைத் தொட்டார். அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒருத்தர் செருப்பு முன்னால், ஒருத்தர் செருப்பு நின்று நின்று பின்னால்.

நான் வெளியே வந்தேன். அவர் கொக்கித் தராசை எடுத்துப் பைப்பில் மாட்டிக்கொண்டிருந்தார், பதினெட்டுச் சுற்றுக்கு எத்தனை கிலோ என்று பார்க்க. முள் கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது.

"ஏன் சார்?" என்றேன்.

"நெஜம் இதவிட மோசமா இருக்கும்."

"ஜெட்டுல ரெண்டு விரல் போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் தராசைக் கழற்றினார். முள் துள்ளிப் பூஜ்யத்துக்கு வந்தது. அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

"போய் ரெண்டு டீ வாங்கினு வா. நெஜ டீ."

அப்படித்தான் பிளாஸ்க்கோடு இறங்கினேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரும்போது நாலு மணிக்கு மேல் இருக்கும். மேம்பாலத்தில் ஏறி நின்றேன். பல்லாவரம் வடக்கே. பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் கால் மணி நேரம். வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடம் என்று அவரே சொல்லியிருந்தார். தெருவில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். கதவைத் தட்டி என்ன சொல்வது? மெஷின் நான்தான் என்றா? அவள் பன்னிரண்டைத் தூக்கினாள், பதினாறில்கூட ஒரு விரற்கடை அசைத்தாள் என்றா? அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பீச் வண்டி ஒன்று போனது. கைப்பிடி தேய்த்துத் தேய்த்து என் வலது உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அதைப் பிராண்டிக்கொண்டு நின்றேன். இன்னொரு வண்டி வந்து நின்று போனது. பிறகு மேற்குப் பக்கம் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துத் தெற்கே நடந்தேன்.

அவள் போனாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. அவரைப் பற்றியும் அதன்பிறகு கேட்கவில்லை. வேறு ஒரு ஆளைப் பிடித்திருப்பார். கைப்பிடி சுற்ற ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

அன்று ராத்திரி பெருங்களத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்து, விடியும்போது எழுந்தேன். எதிரே டீக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் பாலைக் கொதிக்கவிட்டுக்கொண்டே என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"எத்தினி டீ ஊத்தணும்?"

"டீ வேணாண்ணா. வேலை கீதா?"

மேலும் கீழும் பார்த்தார். கிளாஸ் கழுவும் ஆள் ஊருக்குப் போனவன் வரவில்லை என்றார். உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நல்ல கைதான்" என்றார். பிளாஸ்க்கை அலமாரியில் வைத்துவிட்டுக் கிளாஸ் கழுவ உட்கார்ந்தேன்.

ஏழு மணி வாக்கில் லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "நாலு டீபா" என்றான். என் வலது கை தண்ணீருக்குள்ளிருந்து தானாக எழுந்து பக்கவாட்டில் போய் எதையோ தேடியது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஆற்றி ஊற்றினார். நான்தான் எடுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தேன்.

"நாலும் வந்துச்சா, எண்ணிக்கண்ணா" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனான்.